சோழர் கோயிலில் பெய்த தகர மழை

நான் எழுதிய சோழர் கால நாவலின் வெளியீடு பதுளையில் ஞாயிற்றுக்கிழமை என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, அச்சாகி வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, கல்லுக் கோயில்ல மழை பேஞ்சா இப்பிடியா சத்தம் கேக்கும்?"

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். நான் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் அறைகளில் ஒன்றில். இந்தியாவுக்குப் போனதில்லை. எனக்குத் தெரிந்த மழை, தகரக் கூரையில் விழும் மழைதான். ஆகவே என் அரசர் கருங்கல் மண்டபத்தில் நிற்க, தலைக்கு மேலே மழை சடசடவென்று அடிக்கிறது. பக்கத்திலிருக்கும் அமைச்சருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரசர் படை புறப்படும் ரகசியத்தைக் கத்திச் சொல்கிறார். தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒற்றன் கேட்டுவிடுகிறான்.

சத்தம் இல்லையென்றால் அரசர் கத்தமாட்டார். கத்தாவிட்டால் ஒற்றனுக்கு வேலையில்லை. அப்புறம் போரும் இல்லை. நாவல் மூன்றாம் அத்தியாயத்தோடு மங்களம்.

விமர்சிக்க வருகிறவரோ ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தஞ்சாவூருக்கே போய்த் தூண் தூணாகத் தடவிப் பார்த்தவர். சென்ற முறை ஒரு எழுத்தாளரை மேடையிலேயே உரித்துத் தொங்கவிட்டவர்.

"கூரைக்குச் செப்புத் தகடு அடிச்சிருந்தாங்கன்னு சொல்லிரவா?" என்றேன்.

"அமைச்சருக்குக் காது மந்தம்னு சொல்லிருங்க. செலவு கம்மி."

சனிக்கிழமை முழுக்கப் பச்சைத்தண்ணீரில் குளித்துக் காய்ச்சலுக்காகக் காத்திருந்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் வரலாற்று ஆசிரியர் கண்ணாடியை மாட்டினார். "அந்தக் காலத்துல கருவறைக்கு மேல உள்ள விமானந்தான் ஒசரம். வாசல் கோபுரம் குட்டை. இவரு என்னடான்னா வாசல்ல வானத்த முட்டுற கோபுரத்த நிறுத்தி, நீலம் மஞ்சள்னு பெயின்டும் அடிச்சு வச்சிருக்காரு. நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலப் பாத்து எழுதினாரு போல!"

கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். கோபுரம் போனால் போகட்டும்.

பக்கத்தைப் புரட்டினார். "ஆனா இந்த மழைக் காட்சி இருக்கே..."

நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பிடியே அந்தக் காலத்துக்கே போயிட்டேன். என்னா சத்தம்! இதுதாங்க வரலாற்று உணர்வு."

கைதட்டல். அவரும் லயத்துப் பிள்ளைதான். தஞ்சாவூருக்குப் போனது நல்ல கோடையில்.

கையெழுத்து வாங்க வந்த மடுல்சீமைத் தோட்டத்துக்காரர் ஒருவர் குனிந்து சொன்னார்: "எங்க லயத்துலயும் அதேதான் சேர். மழை பேஞ்சாத்தான் அடுத்த காம்பரா வீட்டு ரகசியமெல்லாம் நமக்குத் தெரியவரும்."

அவர் நகர்ந்ததும் மனைவி பக்கம் திரும்பினேன். "தப்பிச்சிட்டேன். ஒருத்தருக்கும் தெரியல!"

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "இங்க மழை பேயல."