தங்கத் துகள் காட்டிய எண்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலே காலுக்குத்தான் எல்லாம் கெட்டது. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த மகள், கடைசி வருட ஆய்வுக்காகத் தானே செய்த நான்கு பட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். இரத்தத்தில் சீனி அளக்கும் பட்டைகள். நுனியில் ஒரு நொதியமும், கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களும் பூசியிருந்தன. ஒரு சொட்டு இரத்தம் பட்டால் சீனிக்கேற்ப மின்சாரம் ஓடும். சின்னக் கருவி அதை எண்ணாகக் காட்டும். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கே பாதிதான் விளங்கியது.

முதலில் அவள் அப்பாவின் விரல். தொண்ணூற்றெட்டு. அவர் பரீட்சையில் பாஸானவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து அவளுடைய இடக்கை விரல். முந்நூற்று நாற்பது. பக்கத்து விரலில் குத்தினாள். முந்நூற்றுப் பதினைந்து.

வட்டகொடையில் இருந்த என் அண்ணன் சீனி வருத்தத்தில் ஒரு காலை இழந்தவர். முந்நூறு தாண்டினால் என்ன என்று எனக்குத் தெரியும்.

"நீ பூசினது கவரிங் தங்கமா இருக்கும்மா" என்றார் என் கணவர்.

"அது பொய் சொல்லாதுப்பா" என்றவள் அழத் தொடங்கினாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு தோட்ட ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவர ஓடினார். அந்த அரைமணி நேரத்தில் நான் பிஸ்கட் டின்னை ஒளித்தேன், வாழைப்பழச் சீப்பை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தேன், விடுதியில் அவளுக்கு யார் ஊசி போடுவார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

டாக்டர் நனைந்துகொண்டு வந்தார். தாகம் உண்டா, மெலிந்தாளா என்றெல்லாம் கேட்டார். எதுவும் இல்லை. பாலும் சீனியும் போடாத சாயத்தண்ணி கொடுத்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தவர், சட்டென்று தன் கையையே பார்த்தார். விரல் குத்துமுன் அவளும் இப்படித்தான் குடித்தாளா என்று கேட்டார். ஆமாம், அவள் மட்டும்தான். ஆய்வுகூடத்தில் எப்போதும் கையுறையோடு வேலை செய்பவளுக்கு வீட்டில் அந்த நினைப்பே வரவில்லை.

சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, மிச்சமிருந்த ஒரே பட்டையில் இரத்தத்தை வைத்தாள். தொண்ணூற்றொன்று.

டாக்டர் மீதிச் சீனியையும் நக்கி முடித்தார். "மெஷின்ல ஒரு குத்தமும் இல்லீங்க டீச்சர். விரல்ல ஒட்டியிருந்ததக்கூட விடாமப் புடிச்சிருக்கு. ஸ்கூல்ல அத்தன பிள்ளைங்களுக்கும் கை கழுவச் சொல்லிக் குடுக்கிறீங்க, வீட்டுல ஒண்ணே ஒண்ண விட்டுட்டீங்களே."