சரசு அக்காவின் பதினொரு நோட்டுகள்

சரசு அக்கா இறந்துவிட்டார். காலையில் அவருடைய மகள் போன் செய்து சொன்னார்...

இங்கே ஃபேஸ்புக் ஃபிரண்ட்ஸில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. கரங்கான் பக்கம் எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கிற வேலை. முதுகில் பம்பு, முகத்தில் துணி, இருபது வருஷத்துக்கு மேல்.

கூலிமில் நான் மாதம் ஒருமுறை நடத்திய கதை வாசிப்புக் கூட்டத்துக்கு பஸ் பிடித்து வருவார். பள்ளிக்கூட நோட்டில், பென்சிலில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார்.

நாவலில், கம்பெனி தோட்டத்தை விட்டுப் போய்விடுகிறது. தோட்டத்து ஜனங்கள் போகவில்லை. மூன்று செம்பனைக்கு ஒன்றை வெட்டிவிட்டு நடுவில் வாழை, மரவள்ளி, முருங்கை. குளித்த தண்ணீர் வாழைக்கு, வாழைத்தண்டு வாத்துக்கு, வாத்து எச்சம் மீன் குளத்துக்கு...

வேலை வாங்க மண்டோர் கிடையாது. தகராறு வந்தால் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். பேசி முடிகிற வரை ஒருவருக்கும் சோறு இல்லை.

ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தார். "தம்பி, நான் எழுதறதுக்கு ஒரு பேரு இருக்காம். பெர்மாகல்ச்சராம். யூடியூப்ல ஒரு வெள்ளக்காரன் சொல்றான்."

நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அக்கா, இது நாவலா, விவசாய இலாகா நோட்டீஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு நோட்டை நீட்டினார். "எந்த எடம்னு காட்டு தம்பி, வெட்டிடறேன்."

எழுதினது நடக்குமா என்று பார்க்க, தன் லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் நட்டும் பார்த்தார். நாலே வருஷத்தில் உள்ளே நுழைந்தால் வெயில் தெரியாது.

புது மேனேஜர் வந்தார். பாம்பு வரும், கிளியர் பண்ணு என்றார். மண்டோர் பம்பைக் கொண்டுவந்து அக்கா கையிலேயே கொடுத்தார். "உன் வீட்டுப் பக்கம்தானே, நீயே அடிச்சிடு."

அடித்தார்.

அந்த மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நான் துள்ளிவிட்டேன். "அக்கா, இதுதான் கதை! அந்தக் கனவெல்லாம் போதும்லா, இத எழுதுங்க."

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே தம்பி. இத எதுக்கு எழுதணும்?"

அவர் எழுதவில்லை. நான் எழுதினேன். ஒரு போட்டியில் முதல் பரிசு. பேப்பரில் என் போட்டோவோடு வந்தது. இங்கேயும் ஷேர் செய்தேன், நிறையப் பேர் "கண்ணீர் வந்துவிட்டது" என்று கமெண்ட் போட்டீர்கள்.

அக்கா பேப்பரோடு வந்தார். கோபமெல்லாம் இல்லை. "ஒண்ணு தப்பா இருக்கு தம்பி. அடிச்ச ஒடனே எல கருகுதுன்னு எழுதியிருக்க. அந்த மருந்து அப்படி இல்ல. ஒரு வாரத்துக்குப் பச்சையாத்தான் நிக்கும்."

பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "நான் தெனம் போயி தண்ணி ஊத்துனேன்... கழுவி எடுத்துடலாம்னு."

கதையில் அவர் பெயரை மாற்றியிருந்தேன். தோட்டத்தின் பெயரை மாற்றவில்லை. தோணவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்து ஆபீசில் அக்காவைக் கூப்பிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் வேலையும் இல்லை, வீடும் இல்லை. கூலிமில் நாலாவது மாடி ஃபிளாட். நெஞ்சுச் சளி அங்கே போன பிறகுதான் அதிகமானது என்று மகள் சொல்வார்.

ஒரே ஒரு தடவை அங்கே போனேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பதினோராவது நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயமாம். அதில் அந்த மண்டோருக்கும் ரெண்டு பாத்தி ஒதுக்கியிருந்தார்.

"நானும் இருக்கேனா அக்கா?"

"இருக்கியே. வாத்து மேய்க்கிற." இருமல் வந்து, நின்று, பிறகு சொன்னார்: "உன்னை அங்க வச்சிக்கலாமா வேணாமான்னு தோட்டத்து ஜனங்க இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க."

இன்று காலை போனில் நோட்டுகளைப் பற்றிக் கேட்டேன். நான் டைப் பண்ணித் தருகிறேன், புத்தகமாகப் போடலாம் என்றேன்.

மகள் அழவில்லை. "நோட்டெல்லாம் அம்மாகூட பெட்டியில வச்சாச்சுண்ணே. அம்மா ஒண்ணும் சொல்லல. நாங்கதான் முடிவு பண்ணோம். உங்க கையில மட்டும் குடுக்க வேணாம்னு."

சரி என்றேன்.

நாளை மதியம் இரண்டு மணிக்கு ஃபிளாட்டிலிருந்து எடுக்கிறார்கள். அங்கிருந்து மின்சுடலை. தெரிந்தவர்கள் போங்கள். நான் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில் நிற்பேன்.

நல்லபடியா போங்க அக்கா...