இடம் மாறிய பச்சை வட்டம்

மணி அடித்ததும் அவர் கை முதலில் தேடுவது போனை அல்ல, சீப்பை. சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, இருக்கிற கொஞ்சநஞ்ச முடியையும் ஒரு பக்கமாகப் படிய வாருவார். காலரை இழுத்துவிடுவார். "எனக்கு எம் பொண்டாட்டி தெரியமாட்டா தம்பி. அவளுக்கு நான் தெரிவேன்ல? பரட்டைத் தலையோட போய் நிக்கிறதா?" என்பார்.

எங்கள் மாடியில் என் எதிர்வீட்டுக்காரர். பிறவியிலேயே பார்வை கிடையாது; எப்போதும் கறுப்புக் கண்ணாடிதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. மாடியில் எல்லோருக்கும் அவர் 'எக்ஸ்சேஞ்ச்'. யாராவது தவறுதலாக அவர் கதவைத் தட்டி என்னைக் கேட்டால், "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு வந்து என் கதவைத் தட்டுவார். நான் இல்லையென்றால், "பார்ட்டி எடுக்கல, அப்புறம் ட்ரை பண்ணுங்க" என்று திருப்பி அனுப்புவார். வந்தவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் படியிறங்குவார்.

மனைவிக்குக் கடல் தாண்டிய ஊரில், வயதான தம்பதியரைக் கவனித்துக்கொள்ளும் வேலை. போன விடுமுறைக்கு வந்தபோது இந்த இன்டர்நெட் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் மருந்துக்குக்கூட ஒரு பட்டன் இல்லை, முழுக்கக் கண்ணாடி. "வழுக்கைத் தலையத் தடவுற மாதிரி இருக்கு. எங்கன்னு அமுக்குறது?" என்று முதல் நாளே புலம்பினார். எழுத்தை வாசித்துச் சொல்லும் வசதி இந்த மாடலில் இல்லையென்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். மனைவிதான் யோசித்து, அழைப்பு வரும்போது பச்சை வட்டம் தோன்றும் இடத்தில் தன் நகப்பூச்சில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தார். அந்தச் சின்ன மேட்டை ஒருமுறை தடவிப் பார்க்காமல் இவர் வேலைக்குக் கிளம்பியதில்லை.

போன வாரம் பேச்சு கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. "இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க" என்று மனைவி சொல்ல, "உன் இஷ்டம்" என்று இவர் வெடுக்கென்று முடித்துவிட்டார். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. அடுத்த அழைப்பில் சமாதானம் சொல்லிவிடலாம் என்றிருந்தார். மறுநாள் மணி அடித்தது. சீப்பு, காலர், சொட்டு. "ஹலோ" என்றார். சத்தமே இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. "லைன் சரியில்ல" என்றார் என்னிடம். ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டிலிருந்து கூப்பிடலாமென்றால் அதில் வெளிநாட்டு லைன் கிடையாது. பிறகு மணி அடிப்பதே குறைந்து, செய்தி வரும் 'டிங்' மட்டும் கேட்டது. வாசித்துச் சொல்லட்டுமா என்றேன். "புருஷன் பொண்டாட்டி சமாசாரத்துல மூணாவது ஆளுக்கு லைன் கிடையாது தம்பி" என்று கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அவர் சொன்னது நியாயம்.

நேற்று மாலை நான் அங்கே இருந்தபோது மணி அடித்தது. சீப்பைக்கூட மறந்து பாய்ந்தார். விரல் நேராகச் சொட்டில் இறங்கியது. சொட்டுக்கு அடியில் இருந்தது சிவப்பு வட்டம். போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, பச்சையையும் சிவப்பையும் இடம் மாற்றி வைத்திருந்தது.

"அண்ணே, நீங்க கட் பண்ணிட்டீங்க."

"நானா?"

"பச்சை இப்ப அந்தப் பக்கம் போயிடுச்சு."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப, அவ கூப்பிடக் கூப்பிட, நானே..." போனை என் பக்கம் தள்ளி, "என்ன எழுதியிருக்கா? படிங்க தம்பி" என்றார்.

படித்தேன். "ஏன் கட் பண்றீங்க?" "என் மேல அவ்வளவு கோவமா?" "முகத்தையாவது ஒரு தடவ காட்டுங்க. அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்."

மனைவியை அழைக்கிறேன் என்று நான் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க அமுக்காதீங்க. என் விரலக் கொண்டுபோய் வைங்க, போதும்." வைத்தேன். அமுக்கினார். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் திரையில் மனைவியின் முகம் வந்தது. அழுது வீங்கிய கண்கள்; வாயைத் திறக்கவில்லை.

"எடுத்துட்டாங்கண்ணே" என்று கிசுகிசுத்தேன்.

நாள் முழுக்க ஊருக்கே பேச்சை இணைத்துத் தருகிற மனிதர், எங்கள் யார் முன்னாலும் கழற்றியிராத கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முகத்தைத் திரைக்கு நேராக நீட்டினார்.