பக்ருன்னிசா எழுதிக் கொடுத்த 'நாளைக்கு'

உக்கடத்தில் பக்ருன்னிசாவின் தையல் கடையில் இரண்டு மெஷின்கள். இருபத்திரண்டு வருடமாக ப்ளவுஸ் தைக்கிறாள். அவள் அளவு பிசகாது. வாய்தான் கொஞ்சம் பிசகும். "ஏனுங்க்கா, ப்ளவுஸ் ஆச்சுங்களா?" என்று யார் கேட்டாலும், "நாளைக்கு வாங்க கண்ணு, ரெடியா இருக்கும்" என்பாள். அந்த 'நாளைக்கு' மறுநாள் இல்லை என்பது கேட்பவர்களுக்கும் தெரியும். நாலைந்து தடவை கேட்டால் கிடைத்துவிடும் என்று ஒரு கணக்கு.

தீபாவளிக்கு முந்தின மாதம் ஃபோனில் அழைப்பும் செய்தியும் ஓயாது. ஒருநாள் தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனை இடுக்கிக்கொண்டு ஒரே ப்ளவுஸுக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டாள். அதைச் சொல்லிப் புலம்பியபோது, பிரத்யுஷா என்ற வாடிக்கைக்காரப் பெண் ஒரு வழி சொன்னாள். பிரத்யுஷாவுக்கு ஐடி கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்திபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்குப் புரோகிராம் செய்யக் கற்றுக்கொடுத்தாள்.

"எனக்கு இங்கிலீசே எழுத வராதுங்க கண்ணு."

"எழுதவே வேண்டாங்க்கா. கலர் கலரா கட்டை இருக்கும். இழுத்து ஒட்டினாப் போதும்."

போனாள். திரையில் 'செய்தி வந்தால்' என்று ஒரு மஞ்சள் கட்டை, 'இந்தப் பதிலை அனுப்பு' என்று ஒரு நீலக் கட்டை. மஞ்சளின் அடியில் ஒரு புடைப்பு, நீலத்தின் தலையில் அதற்கேற்ற பள்ளம்.

"அட, ப்ளவுஸுக்குக் கை ஏத்தற மாதிரிதானுங்க. சேர்ற எடத்துலதான் சேரும்" என்றாள். மற்றவர்கள் மவுஸைப் பிடித்துப் பழகுவதற்குள் அவள் இரண்டையும் சேர்த்துவிட்டாள். என்ன பதில் அனுப்புவது என்று நீலக் கட்டை கேட்டது. யோசிக்கவே இல்லை. 'நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்.'

பிரத்யுஷா அதை அவள் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தாள். திங்கட்கிழமை, செய்தி அனுப்பிய எல்லோருக்கும் ஃபோன் தானாகவே பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. பக்ருன்னிசா பல வருடங்களுக்குப் பிறகு மத்தியானச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கடைவாசலில் பதினான்கு பெண்கள் நின்றார்கள்.

"என்னங்க, எல்லாரும் ஒரே நாள்ல வந்துட்டீங்க?"

"நீங்கதானுங்க்கா வரச் சொன்னீங்க" என்று ஃபோனை நீட்டினாள் கீதா என்ற பள்ளி ஆசிரியை. "வாயில சொன்னா நம்ப மாட்டோம். எழுத்துல கொடுத்துட்டீங்களே."

தைத்து முடிந்திருந்தது மூன்றுதான். மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருக்கும்போது கேஸ்காரர் கூப்பிட்டார். சிலிண்டர் கொண்டுவரட்டுமா என்று நேற்றுக் கேட்டதற்கு நாளைக்கு வரச் சொல்லியிருந்தீர்களே, இன்றைக்கு வண்டி வேறு பக்கம் போய்விட்டது என்றார். அடுத்தது திருச்சி விடுதியில் படிக்கும் மகள் இல்மா. "அம்மா, சாப்பிட்டியான்னு கேட்டா நாளைக்கு ரெடியா இருக்கும்னு சொல்றே. உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சாயந்தரம் பிரத்யுஷா வந்து பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தச் செய்தி வந்தாலும் அனுப்புன்னு வெச்சிருக்கீங்கக்கா. நடுவுல ஒரு பச்சைக் கட்டை வேணும். 'ப்ளவுஸ்'னு இருந்தா மட்டும் பதில் சொல்லு, இல்லைன்னா சும்மா இரு."

பச்சை ஏறியது. அப்புறம் ஒவ்வொருத்தர் பெயருக்கும் நேரே துணி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடச் சொன்னாள். வெட்டியாச்சா, தைச்சாச்சா, கொக்கி வெச்சாச்சா. அதைப் பார்த்துத்தான் இனி ஃபோன் பதில் சொல்லும்.

பக்ருன்னிசாவுக்கு அங்கேதான் கை நின்றது. "உள்ளதை அப்படியே சொல்லிப்போடுமா?"

"அதுக்குப் பொய் தெரியாதுங்க்கா."

மனசில்லாமல்தான் ஒவ்வொன்றாகப் போட்டாள். முப்பத்தாறு பெயர், இருபத்தொன்றுக்கு நேரே 'இன்னும் வெட்டலை'. பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை கீதா கேட்டாள். 'உங்க துணி இன்னும் பையிலேயே இருக்குதுங்க. மன்னிச்சுக்குங்க' என்று ஃபோன் பதில் அனுப்பியது. அரைமணி நேரத்தில் அவள் நேரில் வந்து நிற்க, பக்ருன்னிசா சண்டைக்குத் தயாரானாள்.

"கோபமெல்லாம் இல்லீங்க்கா" என்றாள் கீதா. "வெள்ளிக்கிழமை ஆனைமலையில கல்யாணம். வெட்டலைன்னு தெரிஞ்சதாலதான் வந்தேன். நாளைக்குன்னு சொல்லியிருந்தா நம்பாம ஊட்டுல உக்காந்திருப்பேன்."

அவள் எதிரிலேயே பக்ருன்னிசா துணியை எடுத்து விரித்து வெட்டினாள். வியாழக்கிழமை கொக்கி வைத்து முடித்தாள்.

தீபாவளிக்குள் முப்பத்தாறும் போய்ச் சேர்ந்தன. ஒரே ஒரு அம்மா மட்டும், "அந்த மெஷின் பேச்சு மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குதுங்க. எனக்கு நீங்களே நாளைக்குன்னு சொல்லிருங்க" என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு மட்டும் பக்ருன்னிசா வாயாலேயே சொன்னாள்.

சங்கடம் பக்கத்துக் கடை சிக்கந்தர் பாய்க்குத்தான். அவரிடம் பேண்ட் தைக்கக் கொடுத்தவர்கள், "வெட்டியாச்சுங்களா, கொக்கி வெச்சாச்சுங்களா?" என்று படிப்படியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் வகுப்பில் முன்வரிசையில், கழுத்தில் டேப்போடு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் கட்டையைப் பிடிக்க மவுஸை மேஜை விளிம்புவரை இழுத்து, கீழே போட்டு, எடுத்து, மறுபடி இழுத்தார்.