எதிர்ப்பு இல்லை என்று எழுதியவள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பரமட்டா நகரில் சீன வைத்தியர்களிடம் அரசாங்கம் கருத்துக் கேட்ட கூட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலை எனக்கு. நோயாளிகளின் பதிவுகளை இனி ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்று புதிய விதி வரப்போகிறது. ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் சிரித்தபடி தலையாட்டினார்கள். ஒருவர் எழுந்து தேநீருக்கு நன்றி சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? எங்கள் தமிழ் ஆட்களும் அரசாங்கக் கந்தோருக்குள் பல்லைக் காட்டிவிட்டு, வெளியே கார் நிற்கும் இடத்தில்தான் வாய் திறப்பார்கள்.

அன்றும் அப்படித்தான். நான் காரை எடுக்கப் போனபோது அங்கே வைத்தியர்கள் கூடி நின்று ஒரே சத்தம். நடுவில் என் வைத்தியர் நின்றார். பக்கத்து நார்த்மீட்டில் இரண்டு வருடமாக என் முதுகுவலிக்கு அக்குபஞ்சர் ஊசி குத்துபவர் அவர்தான். அதை அலுவலகத்தில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த வேலையை என்னிடம் தந்திருக்க மாட்டார்கள்.

“எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. விதி வந்தால் கிளினிக்கை மூட வேண்டியதுதான். உள்ளே சொல்லக் கூச்சமாக இருந்தது. நீங்கள் அறிக்கையில் எழுதுங்கள்,” என்றார், தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். “விசர்க்கதை கதையாதையும். அந்த வைத்தியரை எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால் என்ன சொல்லுவீர்? மறைச்சதுக்கு உம்மடை வேலைதான் போகும்,” என்றார்.

மறுநாள் அறிக்கையில் ‘எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை’ என்று தட்டச்சு செய்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. அதிகாரி வாசித்துவிட்டு, நல்ல சுருக்கம் என்று பாராட்டினார்.

சனிக்கிழமை வழக்கமான சிகிச்சைக்குப் போகாமல் விட்டால் வைத்தியருக்குச் சந்தேகம் வரும். முதுகும் விடவில்லை. போனேன். கட்டிலில் குப்புறப் படுத்து, முகம் வைப்பதற்கென்று அதில் இருக்கும் ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்தேன். இடுப்பெல்லாம் ஊசி ஏற்றினார். பிறகு வழக்கம்போல் என் பதிவு அட்டையில் அவருடைய மொழியில் எழுதும் சத்தம் கேட்டது. எனக்கு அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

“நான் சொன்னதை எழுதினீர்களா?”

எழும்பி ஓட முடியாது. வெட்கத்தில் கண் கலங்கியது. கூட்டத்தில் அவர்கள் ஆட்டிய மாதிரியே நானும் தலையை ஆட்டினேன்.

அவர் இரண்டு தடவை நன்றி சொன்னார். இன்னும் இருபது நிமிடம் அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.