அம்மிணி பாடிய ஆங்கிலப் பாட்டு

நேற்று பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய ராக் பாட்டைப் போட்டார்கள். அசல் பாட்டுதான், வெள்ளைக்காரன் பாடியது. எனக்கென்னவோ அவன் தப்பாகப் பாடுவதாகவே பட்டது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு தும்மல் வர வேண்டுமே, எங்கே? பிறகுதான் உறைத்தது. தும்மல் எங்கள் வீட்டுப் பதிவில் மட்டும் இருந்தது.

தும்மியது நான்தான். கொப்பரை மூட்டை அடுக்கிய அறை; அந்தக் காறல் வாசனைக்கும் சாக்குத் தூசிக்கும் யார்தான் தும்மமாட்டார்கள்? கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தோப்புக்கு நடுவே எங்கள் வீடு. கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கிதார் வாங்கியிருந்தேன். தந்திகளில் எனக்கு விரல் வைக்கத் தெரிந்தது மூன்று கார்டு, பாட்டுக்கு வேண்டியது நான்கு. நான்காவது வரும் இடங்களில் தலையை மட்டும் பலமாக ஆட்டுவேன்.

பாடியது என் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் அம்மிணி. கல்லூரி விழாவில் பாடக் கூப்பிட்டபோது, "அதெல்லாம் நம்மூட்டுக்கு ஆகாது" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். திருப்பூரில் கல்யாணம் நிச்சயமானதும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஒருக்கா பாடிப் பதிஞ்சு வெச்சுக்கலாம்ணா. அப்புறம் எனக்கே மறந்துரும்."

அப்பா தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் நேரமாகப் பார்த்து, கம்ப்யூட்டர் மைக்கை மூட்டைமேல் வைத்து ஆரம்பித்தோம். எத்தனை முறை பாடினாலும் கிணற்று மோட்டாரின் இரைச்சலும் கூடவே பதிந்தது. கடைசியில் அவள் சலித்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை திறந்து பாடினாள். அப்படியொரு கரகரத்த குரல் அவளிடம் இருந்தது எனக்கே தெரியாது. திரும்பினால், வாசலில் அப்பா. பயத்தில் என் கை நிற்காமல் வாசித்தது. அவர் திரும்பித் தோப்புப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் நின்றது. அந்த நிசப்தத்தில் அவள் பாட்டை முழுதாகப் பாடி முடித்தாள்.

"கரண்டு போயிருச்சாண்ணா?"

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளியே ஓடினேன். பாதித் தென்னைகளுக்கு இன்னும் தண்ணீர் பாயவில்லை.

"ஏனுங்கப்பா, மோட்டார நிறுத்திப்போட்டீங்க?"

"சூடாயிருச்சு" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. ஓடிய மோட்டார் சூடாக இல்லாமல் எப்படி இருக்கும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதாததற்கு, மத்தியானம் சோற்றின் முன்னால் இரண்டு பேரையும் பிடித்துத் திட்டினார்.

"கல்யாணத்த வெச்சுக்கிட்டு என்ன கூத்து இது?"

அந்தக் கம்ப்யூட்டர் கெட்டு, பாட்டும் அதோடு போயிற்று. கொப்பரை அறையை இடித்துக் கார் நிறுத்துகிறோம். அப்பாவும் போய்விட்டார்.

பேக்கரியிலிருந்தே அம்மிணியைப் போனில் கூப்பிட்டு, அன்று அப்பா வாசலில் நின்றதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் திகைத்துப்போனாள்.

"அப்பா வந்து நின்னாரா? வெளிய சத்தம் கேட்டுத் திட்டுனாருன்னுதான் நெனச்சேன். எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

சொன்னதாகத்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.  "அப்ப அவரு மூஞ்சி எப்படிண்ணா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். தலையில் கட்டிய துண்டு தெரிகிறது. கால் விரல்களுக்கு இடையே ஈர மண் தெரிகிறது. முகம் மட்டும் வரவில்லை.