ஒன்பதரைப் பேர்

வயது கேட்கும் இடத்தில் 'கழித்தல் ஏழு' என்று தட்டிவிட்டு ஷுக்ரி சேர் கண்களை மூடிக்கொள்கிறார். திறக்கும்போது திரை உறைந்திருந்தால், பெருநாள் பிறை கண்ட சிரிப்பு. "உழுந்திட்டு!" மாணவர் எழுதிய கொம்பியூட்டர் புரோகிராம்களை விழுத்திப் பார்ப்பதில் அவருக்கு அத்தனை ருசி.

பதுளை பஜாரில், புடைவைக் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. பனி ஜன்னலால் ஏறி வந்து, திரையின் பச்சை எழுத்துகளில் கொஞ்சம் குளிர்காய்ந்துவிட்டு இறங்கிப் போகும். அந்த வெளிச்சத்தில் எல்லோருமே குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள் போலத் தெரிவார்கள்.

இருபது மாணவர்களையும் திருத்த அவரே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார். விடை ஒத்துப்போனால் புள்ளி, இல்லாவிட்டால் சைபர். கெஞ்சினால், "மெஷினுக்கு மொகம் பாக்கத் தெரியா" என்பார். தன் நிக்காஹ் அன்று லெப்பை சம்மதம் கேட்டபோதும், "இல்லையெண்டா அடுத்தது எங்க போகும்?" என்று சோதித்தாராம். அந்தக் கதையில் பாதிதான், அவரிடம் படித்த நான் சேர்த்தது.

எண்பத்தாறாம் ஆண்டின் கடைசிப் பரீட்சை. தேறியவருக்குத்தான் கொழும்பு வேலைக்கு அவருடைய சிபாரிசுக் கடிதம். ஒரு தோட்டத்து வேலைப் பதிவேட்டைக் கேள்வியாகக் கொடுத்திருந்தார். பத்துப் பெயர்கள், ஒன்பதுக்கு எதிரே முழு நாள், ஒன்றுக்கு அரை நாள். மொத்தம் எத்தனை பேர்?

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வரும் பாக்கியலெட்சுமியின் புரோகிராம் ஒன்பதரை என்றது. மெஷின் சைபர் போட்டது. கடிதம் கைநழுவியது.

"மனிசன் எப்பிடிப் புள்ள அரையாகிற?"

"மழ பேஞ்சா ஆவாங்க சேர். மத்தியானத்தோட மலையில இருந்து எறக்கிட்டா அரைப்பேர்தானே போடுவாங்க. எங்கம்மா போன கெழம பூரா அரைப்பேருதான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சேர் சிரிக்கவில்லை.

"அப்ப பேர் எண்டா ஆளில்லையா? ஒரு நாள் வேலையா?"

"ஆமாங்க. ஆளு எத்தனன்னு நீங்க கேக்கலியே. பேருன்னுதானே கேட்டீங்க?"

அவர் மெஷின் பக்கம் திரும்பினார். கையால் நூறு என்று எழுதிவிடலாம்; எழுதவில்லை. பத்தும் சரி, ஒன்பதரையும் சரி என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்து, இருபது புரோகிராம்களையும் மறுபடி ஓட்டினார். பாக்கியலெட்சுமிக்கு நூறு.

பிறகு புள்ளிப் பட்டியலின் அடியில் இருபத்தோராவதாக ஷுக்ரி என்று எழுதி, எதிரே சைபர் போட்டார். 'திருத்தியவர்' என்றிருந்த கோட்டில் கையொப்பமிடாமல், பேனையை அவள் பக்கம் நீட்டினார்.